நான் திரௌபதி வேஷம் கட்டிய வருஷம்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். துகிலுரிதல் அன்று திரௌபதியாக வேஷம் கட்டுபவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அந்த வருஷம் காப்புக் கட்டிய கையோடு அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

சேதி தெரிந்ததும் நான் கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கும்மிடிப்பூண்டியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. மேடை ஏறிய பழக்கம் இல்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து முன்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டும் வசனமும் மனப்பாடம்.

"அந்த வேஷம் நான் கட்றேண்ணே."

வாத்தியார் மத்தளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பொம்பளைங்க வேஷம் கட்ற வழக்கம் நம்ம ஊர்ல இல்லம்மா. கோயில் காரியம். நாளைக்கு ஒண்ணுன்னா பேஜாராயிடும்."

"சபையில நின்னு கேள்வி கேட்டது பொம்பளதான? அத்தக் கேக்கறதுக்கு மட்டும் ஆம்பள வோணுமா?"

இப்போதுதான் நிமிர்ந்தார். "யோசிச்சிச் சொல்றேன்" என்றார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

என் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. குழந்தை பிறந்த பிறகு நான் வேலைக்குப் போகக்கூடாது என்று என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் சொல்லவில்லை. கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்கள். "நீ நின்னுட்டன்னு சொன்னாங்களேம்மா" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். நான் நிற்கவில்லை. குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் என்னை வைத்து என்னைக் கேட்காமல் பேசினார்களே என்பது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

கடைசியில் வாத்தியார் ஒத்துக்கொண்டார். "கடைசி நாள் படுகளத்துல துரியோதனன் விழுந்தப்புறம் கூந்தல் முடியறது மட்டும் கிரேன்காரருதான். அது அவுரு வேண்டுதலு. இது நீ செய்."

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் தோழி ஒருத்தி உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள்தான் போகும்போதும் வரும்போதும் துச்சாதனன் வசனத்தைப் பேசி என்னைத் தயார் செய்தாள். அவள் போடும் சத்தத்தில் டிரைவரே ஒருமுறை பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணா, சபைக்கு இழுத்துக்கினு போறேன்" என்றாள்.

காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக இப்போதெல்லாம் கூத்தைப் பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடுகிறார்கள். முடியை அவிழ்த்துவிட்டு நின்றேன். துச்சாதனன் வேஷக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். வழக்கப்படி கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷம் சவுரி முடியைப் பிடித்து இழுத்தவர். நிஜமான ஒரு பெண்ணின் தலையில் கை வைக்க அவரால் முடியவில்லை. மத்தளம் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது.

"பிடிண்ணே" என்றேன் மெதுவாக. அவர் அசையவில்லை. முடியைச் சேர்த்து நானே அவர் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை. தருமரைப் பார்த்து, பெரியவர்களைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்: தன்னையே தோற்றுப்போனவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது கூத்தில் உள்ளதுதான். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து என் தோழியின் குரல் வந்தது: "கேக்கறா இல்ல? பதில் சொல்லுங்கயா!" அது கூத்தில் இல்லாதது. யாரும் சிரிக்கவில்லை.

வேஷம் கலைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். என் வீட்டுக்காரர் தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தெரு முனையில் கேட்டார்: "அந்தக் கேள்விய என்னப் பாத்துதான கேட்ட?"

"ஆமா."

மகளை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். "உன்னக் கேட்டிருக்கணும்," என்றார். அந்த வாரமே அவர் ஷிப்டை மாற்றிக்கொண்டார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தை அவரிடம் இருந்தது.

படுகளத்தன்று கிரேன் ஓட்டுகிறவர் ஆஸ்பத்திரியிலிருந்து இளைத்துப்போய் வந்து, மண்ணால் செய்த துரியோதனன்மேல் ஏறிக் கூந்தலை முடிந்தார். கூட்டத்தில் நின்று பார்த்தேன். அதையும் நானே செய்திருக்கலாம் என்ற ஆத்திரம் இல்லாமல் இல்லை. திரும்பவும் கேட்பேன் என்று வாத்தியாரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் ஒத்திகைக்கு இரண்டு பெண்கள் புதிதாக வந்தார்கள். அதில் வேப்பம்பட்டில் ரயிலேறிக் காலேஜுக்குப் போகிற பெண், எந்த வேஷம் வேண்டும் என்று வாத்தியார் கேட்டதும், கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பீமன்" என்றாள்.