காலையில் போட்டு மத்தியானம் எடுத்த செய்தி

காலையில் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று இன்று வரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

செய்தி வந்தது போன், கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிற ஒரு இணையதளத்தில். நெசவுக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இப்போது சேலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். போனை அதன் மேல் காட்டினால் நெய்தவர் முகம் வரும். அசல் கைத்தறி என்று எழுத்து வரும். ஒரு கம்பெனி செய்து கொடுத்த ஏற்பாடு. பட்டு கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி சொன்னார் என்று நானும் தறியில் உட்கார்ந்தேன். படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு நாள் சென்னைக் கடை ஒன்றிலிருந்து என் மச்சான் போன் செய்தான். கையில் இருந்த சேலையில் என் முகம் வருகிறது என்றான். படம் அனுப்பினான். வாடாமல்லி நிறம். என் தறியில் அந்த நிறம் ஏறியதே இல்லை. விசைத்தறிச் சேலை. அதற்கு என் முகம்.

மச்சான் யாரிடமோ சொல்லப்போய், அந்த இணையதளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் போட மாட்டேன், முகம் போட மாட்டேன் என்றாள். நான் சொன்னதை எழுதிக்கொண்டாள். போகும்போது தறியை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள். சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்சாரம் வேண்டாம் என்று தலையாட்டினாள். முகம் இல்லையே, தறிதானே என்று நான் விட்டுவிட்டேன்.

எங்கள் முதலாளி ஒரு கரை டிசைனை ஒரு தறிக்குத்தான் கொடுப்பார். கரையைப் பார்த்தால் எந்த வீட்டுத் தறி என்று தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். படம் என்றால் முகம் என்று மட்டுமே அன்றைக்கு நினைத்துவிட்டேன்.

செய்தி வந்த அன்று சம்சாரம் படித்துக் காட்டினாள். நான் சொன்னது சொன்னபடி இருந்தது. மேலே எங்கள் தறி, கரை பளிச்சென்று. அவள் படித்து முடிப்பதற்குள் முதலாளி போன். நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அவள் தேடினாள். இந்தப் பக்கம் இல்லை என்று வந்தது.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"மேல சொல்லி எடுத்துட்டாங்கண்ணா. என்னைக் கேக்கவே இல்ல."

"நான் சொன்னது பொய்யாம்மா?"

"இல்லண்ணா. நானே அந்தக் கடைக்குப் போய்ப் பாத்தேனே."

"அப்ப அத்த போடு. எடுத்துட்டோம், ஆனா பொய் இல்லன்னு ஒரு வரி போடு."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என் போனை எடுக்கவே இல்லை.

தப்பு என்றால் தப்பு என்று போடட்டும். யாராவது மிரட்டினார்கள் என்றால் அதைப் போடட்டும். ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டுப் போனால் ஊர் என்ன நினைக்கும்? எடுத்தவர்கள் அதை யோசித்தார்களா? அவர்களுக்கு அது ஒரு பக்கம். எனக்கு என் வாய்ச்சொல்.

சாயங்காலமே டீக்கடையில் ஒருத்தன் ஆரம்பித்துவிட்டான். "இன்னாபா, உன் நியூஸு காலைல பொறந்து மத்தியானமே பூட்ச்சாமே? உடான்ஸ் வுட்டா அப்டித்தான்."

சிரித்தார்கள். காலையில் என் தோளைத் தட்டிப் போனவனும் சிரித்தான். கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி வந்தார். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டு இழைதான் பாவு; பழைய பாவின் கடைசிச் சேலையை அறுத்து வைத்திருந்தோம். பாவின் நுனியை மட்டும் தறியிலேயே விட்டிருந்தோம். புதுப் பாவு வந்தால் இழை இழையாக அதோடுதான் பிணைக்க வேண்டும். புதுப் பாவு கொண்டுவந்திருந்தார். மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"பொய்ன்னுதான அவனே எடுத்துட்டான். நீயும் தெரியாம பேசிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, வீடியோல. கம்பெனிக்காரன் கேக்கறான். சொல்லிட்டு பாவ வாங்கிக்கோ."

அந்த வாடாமல்லிச் சேலையை நான் நெய்தேனா என்று கேட்டேன். அதெல்லாம் இப்போது எதற்கு என்றார். நெய்தேனா என்று மறுபடி கேட்டேன். போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

சம்சாரம் எழுந்தாள். அவர் எதிரில் அவள் பேசியதே கிடையாது.

"அவரு பொய் சொல்லல முதலாளி. போன உள்ள வைங்க."

அவர் பாவோடு எழுந்தார். நான் கத்தரியை எடுத்துத் தறியில் இருந்த நுனியை அறுத்தேன். அதுவும் அவர் பட்டுதான். சுருட்டி, இழை கோக்க அவர் கொடுத்த அச்சோடு சேர்த்து அவர் கையில் வைத்தேன்.

"இத்தையும் எடுத்துக்கினு போங்க."

போனார். வீட்டுத் தறி சும்மா கிடக்கிறது. காலையில் இருவரும் பஸ் ஏறி முசரவாக்கம் போகிறோம். அங்கே இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்கிறோம். டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். முதலாளி கேட்ட அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை.