மூன்றாம் பாகத்தில்தான் பேய் அதிகம்

நான் எழுதிய மாயக்கதை வரிசையில் எந்தப் பாகத்தை முதலில் நாடகமாக்குவது என்று முடிவெடுக்க, இன்று தாராவியில் எங்கள் தமிழ்ச் சங்கக் கமிட்டி கூடியது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, முதல் பாகம்தானே என்று நம்பிப் போனேன்.

"மூணாவதப் போடுவோம்" என்றார் செயலாளர் அண்ணாச்சி.

ஏன் என்று கேட்டேன்.

"முதல் பாகத்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேருதான பாலைவனத்துல நடக்காங்க. மூணாவதுல நாப்பது பேய் வருதுல்லா. மெம்பர் வீட்டுப் பிள்ளைங்க அத்தனைக்கும் வேஷம் குடுத்தாகணும். இல்லன்னா அவங்க அம்மாமாருக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அந்த நாற்பதில் ஒரு பேய், இரண்டாம் பாகத்தில் செத்த தங்கை. அவள் யாரென்றே தெரியாமல் பார்ப்பவர்களுக்கு எப்படி அழுகை வரும் என்று மன்றாடினேன். அவளைச் சாகடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

"பேய்க்கு என்னத்துக்குத் தம்பி அறிமுகம்? டென்ஷன் எடுக்காதீங்க" என்றார். கமிட்டி கைதட்டியது. தங்கை வேஷம் தலைவர் மகளுக்கு.

விக்ரோலியில் உள்ள வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நம்ம பாப்பாவுக்கு எந்தப் பேய்?"

மீதி முப்பத்தொன்பதில் ஒன்று, ஆனால் எதற்கும் வசனம் கிடையாது என்றேன்.

"கிடையாதுன்னா எழுதுங்க. நீங்கதான எழுத்தாளர்."

எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏழு வயதுப் பேய் என்ன பேசலாம்? மூன்றாம் பாகத்தைப் படித்தவர்கள் சொல்லுங்கள். அப்படி யாராவது இருந்தால்.