நாற்பத்திரண்டு ஸ்வரங்கள்

“நேத்து கோயில்ல பாட்டு எப்படி இருந்துச்சு ஐயா?” என்று சிபில் கேட்டாள்.

“கழுதை விட்டை போடற மாதிரி. பொத்து, பொத்து, பொத்து. ஒரு அசைக்கு ஒரு ஸ்வரம். அதுக்கு மேல இழுத்தா பாவமாம்.”

“ஜனங்களுக்கு இப்பத்தான் அர்த்தம் புரியுதுங்கறாங்களே.”

“புரியுது. புரிஞ்சு தூங்கறாங்க. முன்னல்லாம் புரியாம முழிச்சிருந்தாங்க.”

ஆம்ப்ரோஸ் பெக் கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துணியை இறுக்கிக்கொண்டார். ஜூலை வெயிலிலும் அதைக் கழற்றுவதில்லை. விடிந்ததும் ஒரு விரல் வாத்துக் கொழுப்பை வழித்து விழுங்குவார். நண்பகல் மணி அடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். முப்பத்தொரு ஆண்டுகளாகப் பேராலயத்தின் அடிக்குரல் அவருடையது.

இங்கிலாந்தில் எட்வர்டு மன்னர் பட்டத்துக்கு வந்தபின் வழிபாட்டில் லத்தீன் போய் ஆங்கிலம் வந்தது. பதினாறு பாடகர்கள் ஆறு பேரானார்கள். ஆர்கன் வாத்தியத்தின் ஈயக் குழாய்களை உருக்கித் தட்டு வார்த்தார்கள். சத்திரக்காரர் அப்படியொரு தட்டில் ஆட்டுக்கறி வைத்தபோது பெக் தள்ளிவிட்டார். “வேற தட்டு குடுய்யா. இது என்னைவிட நல்லாப் பாடும்.”

இறந்தவர்களுக்காகப் பாடுவதும் நிறுத்தப்பட்டது. அதுதான் அவரைக் குத்தியது. மனைவி மார்ஜரி சாகக் கிடந்தபோது, ஆண்டுதோறும் பேராலயத்தில் அவளுக்காகப் பாடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டிலேயே பாடிவிடலாமே என்று சிபில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“அடுப்படியில பாடறதுக்கு அவ என்ன கோழியா?”

சிபில் பள்ளி ஆசிரியரின் மகள். லத்தீனும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவள். மார்ஜரியின் முதல் நினைவு நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெக் அவளிடம் ஒரு தோல் ஏட்டை நீட்டினார். இறந்தோருக்கான பழைய பாட்டு. லத்தீன் வார்த்தைகளையெல்லாம் கத்தியால் சுரண்டியிருந்தார். ஸ்வரங்கள் மட்டும் இருந்தன. கடைசி ‘ஆமென்’ இருந்த இடத்தில், அந்த ‘ஆ’ ஒன்றுக்கு மட்டும் நாற்பத்திரண்டு. சிபில் அதை மனதுக்குள் இழுத்துப் பார்த்தாள். பாதியில் மூச்சு தீர்ந்தது.

புதுப் பாட்டு எதுவானாலும் தலைமைக் குரு விரல்விட்டு எண்ணுவார். அசைக்கு மிஞ்சிய ஸ்வரத்தை மையால் அடித்துவிடுவார்.

“இதுக்கு நம்ம பாஷையில வார்த்தை போட்டுக் குடு, பொண்ணே. புதுப் பாட்டுன்னு சொல்லி அன்னிக்குப் பாடிடறேன்.”

“அவங்களைப் பத்தி என்ன எழுதட்டும்?”

“அவளைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம், பிடிச்சுருவாங்க. மன்னரைப் புகழ்ந்து எழுது. அந்தத் தலைமைக் குருவைப் புகழ்ந்துகூட எழுது.” அவர் விரல் கடைசி வரியில் ஒவ்வொரு ஸ்வரமாகத் தொட்டு நகர்ந்தது. “இந்த இடத்துக்கு நாப்பத்திரண்டு அசை வேணும். ஒண்ணுகூடக் குறைச்சுறாதே.”