ஒன்பது பாட்டும் ஒரு பொய்த் தலைவலியும்

என் வாழ்க்கையில் நடக்காத ஒன்றுக்காக நான் ஏன் அழுதேன்? மூன்று வாரமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரியான பதில் கிடைத்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன், மாமியாரிடம் நேரே சொல்லியிருப்பேன்.

நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. நானும் ஒன்றரை வயது மகளும் மாமியாரோடு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். மாமியார் கொழுந்து பறிக்கிறார். பகலில் மகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விடுவோம். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்து நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

அந்தப் பாட்டுத் தொகுப்பை நான் தேடிப் போகவில்லை. மகளைத் தூங்கவைக்க போனில் மழைச் சத்தம் போட்டிருந்தேன். அது முடிந்ததும் தானாக அடுத்தது ஓடியது. இங்கிலிஷ் பாட்டு, மொத்தம் ஒன்பது, முப்பத்தெட்டு நிமிடம். ஒரு பெண் மட்டும் பாடுகிறார். பின்னால் சிந்தசைசரும் இயந்திரத்தில் அடிக்கும் தாளமும், வேறொன்றும் இல்லை. அந்த மாதிரி இசை என்றால் கலர் லைட்டும் ஆட்டமும் என்றுதான் நினைத்திருந்தேன். இதிலும் தாளம் ஆடத்தான் சொல்கிறது. குரல்தான் எழுந்திருக்கமாட்டேன் என்கிறது. முப்பத்தெட்டு நிமிடமும் அந்த இரண்டுக்கும் இழுபறி.

அழுது பாடுகிற குரல் இல்லை அது. சாமான் பட்டியல் வாசிப்பதுபோல நிதானமாக, ஒருவர் போய்விட்ட வீட்டில் மிஞ்சிக் கிடப்பதைச் சொல்கிறது. ஒரு சட்டை, மூடாத ஜன்னல், இன்னும் அழிக்காத போன் நம்பர். நம் படப் பாட்டில் சோகம் வந்தால் கூடவே புல்லாங்குழல் வரும், மழை வரும், கோரஸ் வரும். இங்கே அவருக்கு உதவிக்கு யாருமே வருவதில்லை. நான்காவது பாட்டில் அடியில் ஒரே சுரம் கடைசிவரை நிற்கிறது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற பெரிய விசிறிகளின் சத்தம் லயம்வரைக்கும் கேட்குமே, அதுபோல. நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரமும் இருந்தது தெரியும். ஏழாவது பாட்டில் பாதியில் தாளம் அறுந்து, அவர் மூச்சை இழுப்பது கேட்கும். அதை வெட்டி எடுத்திருக்கலாம். விட்டுவைத்திருக்கிறார்.

கேட்பதற்குத்தான் இடமில்லை. பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டு காதைப் பிளக்கும். வீட்டில் டிவி. அதனால் பஸ்ஸில் ஒரு ஹோல்ட் முன்னாலேயே இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பிள்ளைக்காம்பராவுக்கு இருபது நிமிடம் பிந்திப் போய்ச் சேருவேன்.

“இன்னிக்கும் பஸ் லேட்டுங்களா டீச்சர்?” என்று அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற அக்கா கேட்பார்.

“ஆமாங்க.”

மகள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் நாள் அந்தப் பொய்யைச் சொல்லும்போது முகம் சுட்டது. நான்காம் நாள் சுடவில்லை.

தோட்டத்தில் பிறந்தவள் மறக்கக்கூடாத ஒன்றை நான் மறந்துபோயிருந்தேன். ரோட்டில் போகிறவளுக்கு மலையில் தேயிலை மட்டும்தான் தெரியும். மலையில் பறிக்கிறவர்களுக்கு ரோடு முழுக்கத் தெரியும். யார் எந்த பஸ்ஸில் இறங்கினார்கள், கையில் என்ன பை, எல்லாம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் அம்மாவும் மேலே நின்றபடியே நான் யாரோடு பேசிக்கொண்டு வந்தேன் என்று கண்டுபிடிப்பார்.

அன்று ஏழாவது பாட்டில் அந்த மூச்சுச் சத்தம் வந்தபோது என்னால் நடக்கமுடியவில்லை. வளைவில் இருந்த கல்லில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு மேலே பத்துப் பன்னிரண்டு பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரும் அந்த நிரையில்தான் இருந்தார்.

எனக்கு அது தெரிந்தது இரண்டு நாள் கழித்து, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது. பக்கத்து வீட்டு அக்கா, அவரும் கொழுந்து பறிக்கிறவர், குடத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

“என்னாங்க டீச்சரம்மா, இன்னிக்கு கல்லுல குந்தலயா?”

“எந்தக் கல்லுங்க?”

“அட, நாங்கதான் மேல நின்னு பாத்தோமே. கொழுந்து நிறுக்குற எடத்துல ஒங்க மாமியாரக் கேட்டே புட்டோம். என்னாக்கா, படிச்ச மருமகளத் தாங்கு தாங்குன்னு தாங்குறேன்னீங்க, அழுவுறதுக்குக்கூட வீட்டுல எடங் குடுக்குறதில்லயான்னு.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“என்னா சொல்லும்? எங்க எல்லாரு வாயையும் அடைக்கிற ஆளு. அன்னிக்கிப் பேசாம கூடையத் தூக்கிட்டுப் போயிருச்சி.” அவர் சிரித்தார். கெட்ட மனதில்லை, கேலிதான்.

பாட்டுக் கேட்டு அழுதேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். குடம் நிரம்பி வழிந்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமியார் மாறியது அதன் பிறகுதான் என் கண்ணில் பட்டது. எனக்கு முன்னால் எழுந்து மகளின் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து, நான் குளிக்க வெந்நீர் வைத்தார். ரொட்டி தட்ட மாவைத் தொட்டால், “நீ வை, நான் பாத்துக்கிறேன்” என்றார். அவர் அன்பானவர்தான், ஆனால் இப்படிப் பணிவானவர் இல்லை. ஒரு சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நான் ஏதாச்சும் சொல்லிட்டேனாம்மா?”

“இல்லங்க அத்தை.”

“அப்ப அவனா?”

“அவரும் இல்லங்க. தலவலி. தாங்க முடியல, அதான்.”

அவர் தைலத்தை எடுத்துவந்து என் நெற்றியில் தேய்த்தார். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து வெடித்த விரல்கள். அவற்றின் சொரசொரப்பு நெற்றியில் பட்டபோது வெட்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வலி என்று நினைத்து இன்னும் மெதுவாகத் தேய்த்தார். அட்டை கடித்த காலோடு மழையில் நிற்கிற இவர் எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. நானோ, முகம் தெரியாத ஒருத்தியைக் காதலன் விட்டுப் போனதற்கு ரோட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஒரு தடவை சொல்ல முயன்றேன். ஞாயிற்றுக்கிழமை மகள் தூங்கும்போது இயர்போனில் ஒன்றை அவர் காதில் வைத்து, ஏழாவது பாட்டைப் போட்டேன். தலையைச் சாய்த்து, மரியாதையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. யாரு செத்துட்டாங்க?”

“யாரும் சாகலங்க அத்தை.”

“பின்ன ஏன் இப்பிடிப் பாடுது?”

நான் “இதத்தான் அன்னிக்கு...” என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். “இதக் காதுல மாட்டிக்கிட்டே இருந்தா தலவலி வராம என்னா செய்யும்? எடுத்து வை.”

அதற்குப் பிறகு நான் அந்தத் தொகுப்பைக் கேட்கவில்லை. கேட்க ஆசை இருக்கிறது, அதுவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் கணவர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். “என்னா நடந்துச்சு? அம்மா என்னைய ஏசுது. புள்ளயத் தனியா விட்டுட்டு அங்க என்னா செய்றன்னு கேக்குது. அழுவுது.” ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறாராம். மாமியார் இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோடும் பேசாமல் தனியாக நிற்கிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கணவர் வருவதற்குள் சொல்லிவிடவேண்டும். மாமியாரிடம் வீட்டுக்குள் தனியாகச் சொன்னால் போதுமா? மருமகளை அழவைத்தவர் என்ற பேச்சு போகவேண்டுமானால், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போய் அந்தப் பெண்கள் முன்னால் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. அப்படிச் சொன்னால், பாட்டுக்கு அழுகிற மருமகளைக் கொண்டுவந்தவர் என்று அவருக்கு வேறு கேலி வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. பயம் அவருக்காகவா எனக்காகவா என்பதும் தெளிவாக இல்லை. வாசிக்கிறவர்களில் மாமியாரோடு இருப்பவர்கள், மருமகளோடு இருப்பவர்கள், நீங்களாக இருந்தால் முதலில் யாரிடம், எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.