விண்வெளியில் சாராயம்

எழுபதுகளின் கடைசியில் உயர்நிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் தேவாலயத்தின் இளையர் குழு, ஞாயிறு பூசைக்குப் பிறகு தமிழில் ஓர் அறிவியல் உரை ஆற்றச் சொல்லி என்னைக் கேட்டது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு மேகங்களில் ரேடியோ தொலைநோக்கி கொண்டு மூலக்கூறுகளைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் தமிழ்ச் சொல் தேடித் திண்டாடினேன். அம்மோனியா, தண்ணீர் என்று எழுதி, கடைசியில் சாராயத்தில் இருக்கும் எத்தில் ஆல்கஹாலையும் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் வினை.

குழுச் செயலாளர் என் குறிப்பைப் படித்துவிட்டு, 'விண்வெளியில் சாராயம்' என்று கொட்டை எழுத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்.

"என்ன இது?" என்றேன்.

"நீங்க வச்ச தலைப்புக்கு யார் டீச்சர் வருவாங்க? இப்போ பாருங்க, ஹால் ஃபுல் லா."

முன்வரிசை முழுக்க மதுவை எதிர்க்கும் மாதர் சங்கத்தினர். பின்வரிசையில் அவர்களுடைய கணவர்கள்.

ஒவ்வொரு மூலக்கூறும் சுழலும்போது தனக்கே உரிய அலைவரிசைகளில் ரேடியோ அலையை வெளிவிடும், அதைத்தான் தேடுகிறார்கள் என்று கரும்பலகையில் வரைய ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அத குடிக்கலாமா டீச்சர்?"

ஒரே சிரிப்பு. சங்கத் தலைவி எழுந்தார். "வானத்துல இருந்தாலும் கெடுதல்தான்னு சொல்லுங்க."

"அது யாரையும் கெடுக்கலைம்மா. அவ்வளவு மெல்லிசாப் பரவியிருக்கு, கையில அள்ளக்கூட முடியாது."

அவர் முகம் சுருங்கியது. அரைமணி நேரம் அதே பேச்சு. அம்மோனியாவுக்கு நான் திரும்பவே முடியவில்லை. எரிச்சலில் அழுத்தியதில் சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது.

பிறகு, துறைமுகத்தில் கப்பல் ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் எழுந்தார். "ரேடியோவுல கண்ட சத்தமும் கேக்கும். இது அந்தப் பொருள்தான்னு எப்படி நம்புறாங்க?"

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "ஒரு சிக்னல வச்சு நம்ப மாட்டாங்க. ஆய்வுக்கூடத்துல அதே மூலக்கூற அளந்து பட்டியல் போட்டிருக்காங்க. அதுல உள்ள பல அலைவரிசைகள் சேர்ந்து வரணும். தொலைநோக்கிய அந்த மேகத்தவிட்டுத் திருப்புனா மறையணும்."

"பக்கத்துல பக்கத்துல நெறய சிக்னல் வந்தா? ஆள் மாறிடாதா?"

"மாறும். அப்படித் தப்பும் நடக்கும்," என்று நான் உற்சாகமாகத் தொடங்கினேன்.

"டீ ரெடி!" என்றார் செயலாளர். ஹால் காலியானது.

அடுத்த ஞாயிறு சங்கத் தலைவி என்னை வாசலில் பிடித்துக்கொண்டார். "அடுத்தது சிகரெட் பத்திப் பேசுங்க. வானத்துல புகையும் இருக்குமாமே?"

புகை போன்ற கரித்தூசி அங்கே இருக்கத்தான் செய்கிறது. அதை அவரிடம் சொல்லாமல் பேருந்தைப் பிடித்தேன்.