பூஜைப் பெட்டியும் காணாமல்போன பிராஞ்சும்

எனக்குச் சந்தேகப்படுவதுதான் உத்தியோகம். ஆர்டரில் அப்படி எழுதவில்லை. கட்டடம், வண்டி, சாமான் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தீயணைப்பு நிலையத்தில் பார்த்துக்கொள்வது என்றால் வேறென்ன? பேட்டரி செத்திருக்குமோ, டயரில் காற்று கம்மியாக இருக்குமோ, டேங்க் ஒழுகியிருக்குமோ என்று தினமும் காலையில் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். ஷெட்டின் கூரை ஓடுகளைக் குரங்குகள் பிரித்துப் போட்டிருக்குமோ என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்தச் சந்தேகம் மட்டும் ஒருநாளும் வீண்போனதில்லை.

"தம்பிக்கு ஆண்டவன் கண்ணு வெக்கல, டார்ச்லைட்டு வெச்சு அனுப்பிட்டான்" என்பார் எங்கள் வண்டி டிரைவர். என்னைவிட மூத்தவர். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊர் எல்லையில் எங்கள் நிலையம். ஒரே வண்டி. சுற்றுக் கிராமங்களில் குடிசையோ வைக்கோல் போரோ பற்றிக்கொண்டால் நாங்கள்தான் ஓட வேண்டும். வண்டியில் நான்கு பிராஞ்ச் இருந்தன. பிராஞ்ச் என்றால் ஹோஸ் முனையில் மாட்டுகிற முழநீளப் பித்தளைக் குழாய். தண்ணீர் அது வழியாகத்தான் பீய்ச்சி அடிக்கும். நான்கில் ஒன்று பழைய காலத்து உருப்படி, நல்ல கனம். அதை மாட்டினால் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் போகும்.

பம்ப் ஆபரேட்டருக்கு அதன்மேல் உயிர். பக்கத்தில் அடி அண்ணாமலை ஊர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தே அழுத்தம் ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவார். அந்த வேலையை விட்டால் தனக்கு வேறு எதுவும் தெரியாது என்பார். சொல்வதிலும் ஒரு பெருமை இருக்கும்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கோடாலி, கொக்கி, ஏணி எல்லாவற்றையும் ஷெட்டில் இறக்கினோம். பித்தளை சாமான் அத்தனையையும் ஆபரேட்டரே புளி போட்டுத் தேய்த்தார். குத்துவிளக்கும் பிராஞ்சும் ஒரே மாதிரி மின்னின. பழைய பிராஞ்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் இலையில் படுக்க வைத்தார். கற்பூரம் காட்டும்போது டெலிபோன் அடித்தது. ஒரு கிராமத்தில் வைக்கோல் போர் எரிகிறது. அடுத்த நிமிஷம் வண்டி, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, முன்னால் கட்டிய வாழைக்கன்றோடு பறந்துவிட்டது.

டெலிபோனுக்குக் காவலாக நான் மட்டும் நின்றேன். ஓட்டின் மேல் குரங்குகள் வந்து உட்கார்ந்துவிட்டன. பொரியும் பழமும் போவதற்குள் எல்லாவற்றையும் ஏறக்கட்டினேன்.

மறுநாள் எண்ணிப் பார்த்தால் மூன்று பிராஞ்ச்தான். பழையதைக் காணோம்.

"சாமி முன்னாடி வெச்சேண்ணே. அப்புறம் மணி அடிச்சுது, ஓடினோம்" என்றார் ஆபரேட்டர்.

"ஓடும்போது கையில எடுத்தியா?"

"எடுத்தேனா இல்லியான்னு நெனப்பு வரலியே."

நினைப்பு வரவில்லை என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். உயிராக வைத்திருக்கிற சாமானை எடுத்தோமா இல்லையா என்று ஒருவனுக்கு மறக்குமா? அவருடைய மச்சான் டவுனில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஸ்டேஷன் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "நீ இன்னாய்யா நெனக்கிற?" என்று கேட்டபோது, நான் குற்றம் எதுவும் சொல்லவில்லை. "அவரு மச்சான் பித்தளைக் கடை வெச்சிருக்காருங்க ஐயா" என்றேன். அவ்வளவுதான். நேராகத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பாவம் குறைந்திருக்குமோ என்னவோ.

ஆபரேட்டரைப் பம்பிலிருந்து எடுத்து டெலிபோன் அறையில் உட்கார வைத்தார்கள். வண்டி கிளம்பும்போதெல்லாம் அவர் வாசல்வரை ஓடிவந்து நின்றுவிடுவார். பம்புக்குப் புதிதாக வந்தவர் அவசரத்தில் அழுத்தத்தை ஏற்றி, ஒரே மாதத்தில் இரண்டு ஹோஸைக் கிழித்தார். டெலிபோன் அறை ஜன்னலிலிருந்து ஆபரேட்டர் கிழிந்த ஹோஸைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே பார்க்காதவன் எதையோ மறைக்கிறான் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

டார்ச்லைட்டு சும்மா இருக்குமா? மச்சான் கடைக்குச் சொம்பு வாங்குகிற மாதிரி போனேன். உடைசல் குவியலைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். "இன்னா சார் தேடுறீங்க? சொம்பு அந்தாண்ட இருக்குது" என்றார் கடைக்காரர். இன்னொரு நாள் ஏதோ சாக்கு வைத்து ஆபரேட்டர் வீட்டுக்கே போய்விட்டேன். மாடத்தில் ஒரு புது விளக்கு. எங்கிருந்து வந்தது, எதை உருக்கியது என்று என் புத்தி போயிற்று. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். "புள்ளைக்கு மொட்ட போட்டப்ப எங்கம்மா வீட்ல குடுத்ததுங்க" என்றார், நான் கேட்காமலே. என் பார்வை எங்கே நிற்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் வெட்கம் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

"தம்பி, நீ தேடுறது பிராஞ்ச இல்ல, அவன் மூஞ்சில ஒரு கறைய" என்றார் டிரைவர் ஒருநாள், டயர் மாற்றிக்கொண்டே. நான் ஜாக்கியைச் சுற்றினேன்.

ஒரு வருஷம் ஓடியது. மறுபடி ஆயுத பூஜை. பூஜை சாமான்களை வைக்கிற டிரங்குப் பெட்டி ஸ்டோர் பரணில் இருக்கும். பூஜை சாமானைச் சும்மா தொடக்கூடாது என்று வருஷத்துக்கு ஒருமுறைதான் அதைத் திறப்போம். சாவி என்னிடம். பரணில் தனியாக உட்கார்ந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒவ்வொன்றையும் பிரித்தேன். தாம்பாளம், மணி, தூபக்கால். கழற்றி வைத்த குத்துவிளக்கின் அடிப்பாகம். அடுத்தது விளக்குத் தண்டு. அதற்கடுத்து இன்னொரு தண்டு.

குத்துவிளக்குக்கு ஏது இரண்டு தண்டு?

போன வருஷத்துச் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. குங்குமம் அப்படியே இருந்தது. குரங்குக்குப் பயந்து, விளக்கோடு விளக்காக நானே சுற்றி, நானே பூட்டியிருக்கிறேன்.

பரணின் சந்து வழியாகக் கீழே பார்த்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை வண்டியின் பின்பெட்டியில் ஹோஸ்களுக்கு அடியில் செருகிவிட்டு, நாளைக்கு நானே கண்டெடுக்கலாம். குரங்கு தூக்கிப்போய்த் திரும்பப் போட்டது என்றால்கூட இந்த ஊரில் நம்புவார்கள். இந்த யோசனை எனக்கு எவ்வளவு வேகமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒரு வருஷமாக அவர் செய்திருப்பார் என்று நான் நினைத்த திருட்டுத்தனம் அத்தனையும் என்னிடம் தயாராக இருந்தது.

கீழே இறங்கினேன். பிராஞ்சைத் துணியால் மூடாமல், எல்லாரும் பார்க்க ஷெட்டின் நடுவே நடந்து டெலிபோன் அறைக்குப் போய் அவர் மேஜையில் வைத்தேன்.

"பூஜைப் பெட்டியில இருந்துச்சு. நான்தான் வெச்சிருக்கேன்."

அவர் அதைக் கையில் எடுத்தார். காய்ந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு அந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"எங்க மச்சான் கடையில இருந்து வாங்கினு வந்தீங்களாண்ணே?"

அன்றே ஆபீசரிடம் போய், மச்சான் கடையைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை. மறுநாள் காலையில் ஆபரேட்டர் பம்பில் இருந்தார்.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. ஆனால் அவர் மாற்றலாகிப் போகும்வரை, ஒவ்வொரு வருஷமும் பூஜை முடிந்து நான் பெட்டியைக் கட்டும்போது பரணுக்கு ஏறிவந்து பக்கத்தில் குந்திக்கொள்வார். "அத்தப் பிரிங்கண்ணே, பாக்கலாம்" என்பார். நானும் ஒவ்வொரு துணியையும் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் பூட்டுவேன்.