சக்கரமில்லாத வண்டிக்கு ஒரு பல்பு

விமலாராணியின் பல்புக் கடை காந்திபுரத்தில் ஒரு பின்சந்தில் இருக்கிறது. இருபத்தேழு வருடங்களாக வண்டிகளின் முகப்பு விளக்குக்கு மட்டும் பல்பு விற்கிறார். மற்ற கடைகளில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பலகை இருக்கும். இவர் கடையில் 'பெறப்படும்' என்று இருக்கிறது. இதுவரை ஒரு பல்பும் திரும்பி வரவில்லை. புருஷன் இறந்த வாரத்தில் கடையைக் கவனித்த கொழுந்தனார் விற்றவைகூட வரவில்லை. இதில் தனக்குள்ள கர்வத்தை விமலாராணி பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

அலமாரிகள் சக்கரக் கணக்கில் பிரிக்கப்பட்டவை. இரண்டு, மூன்று, நான்கு, அதற்கு மேல்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னால் கிணத்துக்கடவிலிருந்து நஞ்சுண்டன் வந்தார். தென்னைநார்த் தூள் காயவைக்கும் களம் வைத்திருப்பவர்.

"எத்தனை சக்கரமுங்க?"

"சக்கரம் இல்லீங்க அம்மணி. பனியில ஓட்டற வண்டிங்க."

"கிணத்துக்கடவுலயா?"

"பனிக்கு எங்கீங்க போறது. தூள் மேல ஓட்டறமுங்க."

செயற்கைப் பனிக்கூடம் ஒன்றை இழுத்து மூடியபோது ஏலத்தில் எடுத்த வண்டி. தூளில் டிராக்டர் புதையும், இது புதைவதில்லை. ஆனால் தூள் பறந்தால் பட்டப்பகலிலும் எதிரே ஆள் தெரியாது. விளக்கு வேண்டும்.

விமலாராணி பழைய பல்பைக் கேட்டார். அதைப் பார்க்காமல் எதுவும் தரமாட்டார். நஞ்சுண்டன் துண்டு முடிச்சை அவிழ்த்தார். பைக்குக்கு வரும் ஒரு பல்பும் காருக்கு வருவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அடியிலுள்ள தகட்டின் காதுகளில்தான் வித்தியாசம். விமலாராணி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட், அறுபதுக்கு ஐம்பத்தைந்து வாட். நான்கு சக்கர அலமாரியைத் திறந்தார்.

"கண்ணாடியில கை படக்கூடாதுங்கண்ணா. விரல் எண்ணெ பட்டாலே சூட்டுல வெடிச்சுபோடும்."

"தொடவே மாட்டனுங்க."

பூசைக்கு மறுநாள் போன் வந்தது. "ஏனுங்க அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. பல்பு வெடிச்சுபோச்சுங்க. நாளைக்குக் கொண்டாந்து குடுத்தறனுங்க."

"கொண்டு வராதீங்க. நானே வாரனுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"பல்பு அங்கயே இருக்கட்டும். அதை எடுத்துட்டுப் பஸ் ஏறிராதீங்க."

கடையைச் சாத்திவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்தார். கடை வாசலைத் தாண்டினால்தானே திரும்பி வந்ததாகும்.

களத்தில் வண்டி நின்றது. சக்கரத்துக்குப் பதிலாக முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பூசைக்கு அவற்றின் அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் தூளுக்குள் புதைந்திருந்தன.

நஞ்சுண்டன் வெடித்த பல்பைத் தட்டில் வைத்து நீட்டினார். ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"நான் தொடலீங்க. துணியில புடிச்சுத்தான் மாட்டினனுங்க. பொட்டு மட்டும் ஊட்டுக்காரி வெச்சா."

"புதுச் சாமானுக்குப் பொட்டு வெக்காம மாட்டுவாங்களா?" என்றார் அவர் மனைவி வள்ளியாத்தாள்.

காரணம் விளங்கிவிட்டது. கழுத்தில் சிலுவையோடு வந்து நின்று, பொட்டு வைக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? விமலாராணி சேலைத் தலைப்பைச் சிலுவை மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கொண்டுவந்த புதுப் பல்பை எடுத்தார். வள்ளியாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு நெருங்கினார்.

"அக்கா, பல்பைக் குடுத்தவ நானுங்க. எனக்கு வெச்சுவிடுங்க."

"அப்பப் பல்புக்கு?"

"அதுக்குஞ் சேர்த்து எனக்கே வெச்சுருங்க."

வள்ளியாத்தாள் யோசித்தார். பிறகு விமலாராணியின் நெற்றியில் அருகருகே இரண்டு பொட்டு வைத்தார். "ஒண்ணு உனக்கு கண்ணு, ஒண்ணு அதுக்கு."

விளக்கு எரிந்தது. அணையவில்லை. வண்டி களத்தை இரண்டு சுற்று சுற்றியது. பறந்த தூளுக்குள் வெளிச்சம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் எட்டுத் தேங்காயைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பும் பஸ் உக்கடம் வரும்போது பை சரிந்தது. தேங்காய்களுக்கு நடுவே, காகிதத்தில் சுற்றிய வெடித்த பல்பு. நஞ்சுண்டன் யோக்கியமானவர்.

விமலாராணி அன்று கடைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போனார்.

பல்பு இப்போது மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டை மந்திரித்து ஆசி தர வந்த பங்குச்சாமி அதைக் குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"திரும்பி வராத பல்புங்க சாமி."

அவர் அதன்மேலும் கொஞ்சம் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.